இரண்டு விரல் போதும்!



"நான் பெரியவனாகிவிட்டேன்" என்று எப்போது சொல்வீர்கள்? வகுப்பில் இப்படிக் கேட்கும்போதெல்லாம், "தானாகக் குளிக்கும்போது, தனியாகக் கடைக்குப் போகும்போது" என்றுதான் பிள்ளைகள் பதில் சொல்வார்கள். சரி, இவற்றில் ஒன்றைக்கூடத் தன் கையால் செய்ய முடியாத ஒருவர் பெரியவராக முடியுமா? எட் ராபர்ட்ஸின் கதையைக் கேளுங்கள்.

எட், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1939-ல் பிறந்தவர். விளையாட்டு என்றால் அவருக்கு உயிர். 1953-ல், 14 வயதில், போலியோ எனப்படும் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. அதற்குத் தடுப்பூசி வந்ததோ 1955-ல்தான். இடது கையில் இரண்டு விரல்களும், சில கால்விரல்களும் தவிர, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. மூச்சுவிடவும் இயந்திரம் வேண்டியிருந்தது. அதன் பெயர் 'இரும்பு நுரையீரல்'. பெரிய பீப்பாய் போல இருக்கும். தலை மட்டும் வெளியே தெரியும். உள்ளே காற்றழுத்தம் குறையும்போது நெஞ்சு விரிந்து மூச்சு உள்ளே போகும். அழுத்தம் கூடும்போது வெளியே வரும். எட் இரவெல்லாம் அதற்குள்தான் தூங்குவார்.

வீட்டில் படுத்தபடியே தொலைபேசி வழியாகப் பாடம் கேட்டார். "பள்ளிக்கு நேரில் போ" என்றார் அம்மா ஜோனா. எல்லோரும் வெறித்துப் பார்ப்பார்களே என்று எட் பயந்தார். போனார், பார்த்தார்கள். ஆனால் ஒன்றும் வலிக்கவில்லை! 'சினிமா நட்சத்திரத்தையும் இப்படித்தானே பார்ப்பார்கள்' என்று நினைத்துக்கொண்டார். பயம் பறந்தது.

படிப்பு முடிந்தது. "உடற்பயிற்சி வகுப்பும் கார் ஓட்டும் பயிற்சியும் முடிக்கவில்லை, சான்றிதழ் கிடையாது" என்றது பள்ளி! அம்மா விடாமல் வாதாடி வாங்கினார்.

அடுத்து பெர்க்லி பல்கலைக்கழகம். "இவரால் வேலைக்கே போக முடியாது" என்று சொல்லி, படிப்புக்கு உதவ மறுத்தது மாநில மறுவாழ்வுத் துறை. பத்திரிகைகளில் செய்தி வந்த பிறகே மனம் மாறியது. 1962-ல் எட் சேர்ந்தார். இரும்பு நுரையீரலை வைக்க மாணவர் விடுதியில் வசதியில்லை. எனவே வளாகத்து மருத்துவமனையின் ஒரு பகுதியே அவருக்கு விடுதியானது.

அங்கேதான் எட் பெரியவரானார். எப்படி? தனக்கு உதவியாளர் யார் என்று அவரே முடிவு செய்தார். எப்போது எழுவது, எங்கே போவது என்பதையும் அவரே சொன்னார். பின்னர் மற்ற மாற்றுத்திறனாளி மாணவர்களும் அங்கே தங்கிப் படிக்க வந்தார்கள்.

ஒரு தோழியுடன் தனியாகப் பேச அவருக்கு ஆசை. ஆனால் நாற்காலியைத் தள்ளும் உதவியாளர் எப்போதும் கூடவே இருந்தார்! மின்சாரச் சக்கர நாற்காலியின் விசையை முன்னால் தள்ள அவர் விரல்களுக்கு வலுவில்லை. இழுக்க முடிந்தது. உடனே விசையைத் திருப்பிப் பொருத்தினார்கள். இழுத்தால் நாற்காலி முன்னே போனது. இரண்டே விரல்களால் தன் வழியைத் தானே ஓட்டினார் எட்!

1972-ல் பெர்க்லியில் 'சுயேச்சை வாழ்வு மையம்' தொடங்கப்பட்டது. அதை வளர்த்தவர்களில் எட் முக்கியமானவர். மாற்றுத்திறனாளிகளே நடத்திய மையம் அது. 1975-ல் என்ன நடந்தது தெரியுமா? "இவரால் வேலை பார்க்க முடியாது" என்ற அதே மறுவாழ்வுத் துறைக்கு அவரே இயக்குநரானார்! 1995-ல் மறையும்வரை மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக உழைத்தார்.

கடைசிவரை அவருக்குச் சோறூட்டவும் உடுத்திவிடவும் ஆள் தேவைப்பட்டது. ஆனாலும் அவர் சொந்தக்காலில் நின்றவர்தான். உதவி பெறுவது சிறுமையல்ல. நம் வாழ்க்கையை நாமே தீர்மானிப்பதுதான் பெரியவராவது.

நம் நாடு 2014-ல் போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் வேறு காரணங்களால் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகள் உங்கள் பள்ளியிலும் இருக்கலாம். "இவனுக்கு என்ன வேண்டும்?" என்று அவனுடைய அம்மாவிடம் கேட்காதீர்கள். "உனக்கு உதவி வேண்டுமா? எப்படிச் செய்யட்டும்?" என்று அவனிடமே கேளுங்கள். "வேண்டாம்" என்றால் அதையும் மதியுங்கள். நாளையே தொடங்குவீர்கள்தானே?