டிரெய்லர் வாங்கப் போறீங்களா? முதல்ல டிரக் கதவைத் திறந்து பாருங்க!

அமெரிக்காவில் கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நெடுஞ்சாலைகளில் இந்தக் காட்சி சகஜம். முன்னால் ஒரு பிக்கப் டிரக், அதன் பின்னால் ஒரு குட்டி வீடு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. தேசியப் பூங்காவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் நான்கு நாள் ஜாகை அங்கேதான். இந்த டிராவல் டிரெய்லர்களில் பெரும்பாலானவை இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரிலும் அதைச் சுற்றியும்தான் தயாராகின்றன.

முதல்முறை வாங்குகிறவர்கள் சறுக்குவது எடைக் கணக்கில். 'இந்த டிரக் 4,500 கிலோ இழுக்கும்' என்கிறது விளம்பரம். டிரெய்லரோ 2,400 கிலோதான். அப்புறம் என்ன என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால், இழுப்பது வேறு, சுமப்பது வேறு. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தை அழுத்தும்; பின்பாரம் கூடினால் நுகத்தடியே மேலே தூக்கும். டிரெய்லரும் அப்படித்தான். அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் டிரக்கின் பின்கொக்கியில் இறங்க வேண்டும். அது குறைந்தால், வேகமெடுக்கும்போது டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பிக்கும். டிரக்கையும் சேர்த்துப் புரட்டிவிடக்கூடிய ஆட்டம் அது.

சரி, டிரக் எவ்வளவு சுமக்கும்? டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். ஒரே மாடலிலும் வண்டிக்கு வண்டி இந்த எண் மாறும். சன்ரூஃப், சொகுசு இருக்கை என்று வசதி கூடக்கூட, சுமக்கும் அளவு குறையும். அதிக விலை கொடுத்தால் அதிகம் சுமக்கும் என்பது தப்புக்கணக்கு.

ஸ்டிக்கரில் 680 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, வளர்ந்த பிள்ளைகள் இருவர்... 270 கிலோ. ஹிட்ச் கருவி 45 கிலோ. டிரெய்லரின் 2,400 கிலோ என்பது காலி எடை. தண்ணீர்த் தொட்டியை நிரப்பினாலே 150 கிலோ கூடிவிடும். கேஸ் சிலிண்டர், பாத்திரம், துணிமணி, மளிகை எல்லாம் ஏறினால் 3,000 கிலோவைத் தொட்டுவிடலாம். அதில் 13 சதவிகிதம் 390 கிலோ. கூட்டினால் 705! ஐஸ் பெட்டியையும் சைக்கிளையும் இன்னும் ஏற்றவே இல்லை.

'எடையைப் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச் மாட்டினால் சரியாகிவிடும்' என்று சில விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. அது முன்சக்கரங்களுக்கும் பாரத்தைப் பிரித்துத் தரும், ஸ்டீயரிங் பிடிமானம் கூடும். நல்ல கருவிதான். ஆனால், ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அது கூட்டித் தராது.

அதனால், டிரெய்லரை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு டிரக் தேடுவதே நல்லது. ஏற்கெனவே டிரக் இருந்தால் ஸ்டிக்கரை போனில் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். அங்கே வெளிப்புறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். எல்லோரும் உள்ளே ஏறி, கட்டிலில் படுத்து, குளியலறையில் நின்று பாருங்கள். ஒருவர் சமைக்கும்போது இன்னொருவர் கடந்துபோக முடிகிறதா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

நீளத்திலும் கவனம் தேவை. மொன்டானாவில் உள்ள கிளேசியர் தேசியப் பூங்காவின் புகழ்பெற்ற மலைச்சாலையில், உயரமான பகுதிக்கு 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதியில்லை. இழுத்து வரும் டிரெய்லரும் அந்த 21 அடியில் சேர்த்திதான். முகாமில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பழைய முகாம்கள் பலவற்றில் பெரிய டிரெய்லருக்கு இடமே கிடைக்காது.

ஓடும்போது டிரெய்லர் ஆடினால் டிரக் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். அதற்கான கன்ட்ரோலர் டிரைவரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

முதல் பயணத்தன்று சாமான்களை ஏற்றி, குடும்பத்தோடு நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் உள்ள எடைமேடையில் வண்டியை நிறுத்தினால், எந்த அச்சில் எவ்வளவு பாரம் என்று சீட்டு கொடுத்துவிடுவார்கள். கூடுதலாக இருந்தால் முதலில் இறக்க வேண்டியது தண்ணீரை. முகாமுக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாம்.