அக்சிலரேற்றரின் தயக்கம்

மெல்பேர்ணின் டண்டினோங் பகுதியில் வாழும் அன்பர் ஒருவரது காரில் அண்மையிற் பயணம் செய்தோம். சிக்னல் விளக்கில் நிற்கையில் எஞ்சின் துடித்து அடங்கியது. பச்சை விழுந்து அக்சிலரேற்றரை மிதித்தபோது ஒரு கணம் தயங்கிப் பின் திடீரெனப் பாய்ந்தது. அன்பரோ தற்காலிக விசாவில் இருப்பவர். இரவு வேலை, அது முடியும் அதிகாலை மூன்று மணிக்கு வார நாள்களில் ரயில் கிடையாது. கார் நின்றால் வேலையும் நிற்கும். கராஜ் ஒன்றில் பிளக்குகளை மாற்றினார்கள். அடுத்து எரிபொருட் பம்பை மாற்றினார்கள். பணம் கரைந்ததேயன்றிக் கோளாறு தீரவில்லை.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பின் மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜையும் யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓட்டியவர்கள் நம்மவர்கள். எஞ்சினின் குறையைக் காதாற் கேட்டே அறிந்தார்கள். இன்றோ காலுக்கும் எஞ்சினுக்கும் இடையே கணினி அமர்ந்திருக்கிறது. அதற்குத் தெரிந்த மொழி மின்னழுத்தம்.

எஞ்சினுக்குக் காற்றை விடும் திறொட்டில் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை, அதன் அச்சிற் பொருத்திய சிறு சென்சர் கணினிக்கு அறிவிக்கிறது. அதனுள் இருப்பது மின்தடைப் பாதையொன்றும் அதன்மேல் உரசிச் செல்லும் முனையொன்றுமே. பழைய வானொலியில் ஒலியைக் கூட்டும் திருகும் இவ்வாறானதே. அது தேய்ந்தாற் கரகரப்பதை அறியாதார் யார்? காரில் முதலில் தேய்வது, கால் மெல்ல அழுத்தும் தொடக்கப் பகுதி.

பெரும்பாலும் மூன்று வயர்கள் இருக்கும்: கணினி தரும் 5 வோல்ற், ஏர்த், செய்தி வயர். முதலிரண்டும் சரியெனக் கண்டபின், எஞ்சினை இயக்காமற் சாவியை மட்டும் திருப்பிச் செய்தி வயரில் மீற்றரை வைத்தோம். கால் படாதபோது ஏறக்குறைய 0.5, முழுதாய் மிதித்தால் 4.5ஐ அண்மிய அளவு. இரண்டும் சரியாகவே இருந்தன! பலர் இவ்விடத்திலேயே ஏமாறுகின்றனர். மிக மெதுவாக மிதிக்கச் சொன்னோம். 0.8 அளவில் முள் சட்டென விழுந்து எழுந்தது. வயரை அசைத்தும் பார்த்தோம். அதே இடத்தில் அதே வீழ்ச்சி. இலக்க மீற்றர் இதைத் தவறவிடக்கூடும்; முள்ளுள்ள பழைய மீற்றரே இவ்வேலைக்கு மேல்.

கணினியின் குறியீட்டைப் படிக்கும் கருவி பி0122 என்று காட்டினால் மின்னழுத்தம் குறைவு, பி0123 என்றால் மிகை என்பதே பொருள். சென்சரை மாற்று என்று அது சொல்வதில்லை. துருப்பிடித்த இணைப்பும் அறுந்த வயரும் இதே குறியீடுகளைத் தரலாம். ஆகவே எதையும் மாற்றுமுன், எத்தனை வோல்ற் காட்டியது என்று கராஜிற் கேளுங்கள். 2011 முதல் நடைமுறையிலுள்ள அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, திருத்த வேலை உரிய கவனத்தோடும் திறனோடும் செய்யப்படவேண்டும். வாடிக்கையாளரின் விசா எவ்வகை என்று அச்சட்டம் கேட்பதில்லை.

புதிய கார்களிற் கேபிள் இல்லை. மோட்டரே தகட்டைத் திருப்பும். சாவி திருப்பிய நிலையில் அங்கே விரலை நுழைத்தல் ஆபத்து.

அன்பரின் சென்சரை இரண்டு திருகாணிகளே பிடித்திருந்தன. புதியதைப் பூட்டி மீண்டும் மெதுவாக மிதித்தோம். முள் தடங்கலின்றி ஏறிற்று. அன்றிரவே வேலைக்குப் புறப்பட்டார்.