சொல்லுக்குக் காவல் நின்றவர்

“நம்பிக்கையோடு நாளைக்கு மழை பெய்யும்” என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். நம்பிக்கை யாருக்கு? சொல்கிறவருக்கா, மழைக்கா? நம் வீட்டு வாண்டுகள்கூடக் கைகொட்டிச் சிரிக்கும். ஆனால் அமெரிக்காவில் ‘ஹோப்ஃபுலி’ என்ற சொல்லை ஜனங்கள் இப்படித்தான் பேச்சுக்குப் பேச்சு உபயோகித்து வந்தார்கள். அதைப் பொறுக்க முடியாதவர்களில் முதல் வரிசையில் நின்றவர் எட்வின் நியூமன். இத்தாலியக் கவி தாந்தேயின் காவியத்தில், நரகத்துக்குள் நுழைகிறவர்கள் நம்பிக்கையைத் துறந்துவிட வேண்டும் என்று வாசலிலே எழுதியிருக்குமாம். நியூமனும் தம் ஆபீஸில் அதே பாணியில் ஒரு வாசகம் வைத்திருந்தார். அவருடைய அறைக்குள் நுழைகிறவர்கள் துறக்க வேண்டியது ‘ஹோப்ஃபுலி’யை மட்டுந்தான்!

நியூமன் பள்ளிக்கூட வாத்தியார் அல்ல. 1919-ல் நியூயார்க்கில் பிறந்த அவர், 1952-ல் லண்டனில் என்.பி.சி. நிறுவனத்தில் சேர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரேடியோவிலும் டெலிவிஷனிலும் செய்தி சொன்னவர். 1963 நவம்பர் 22-ந் தேதி ஜனாதிபதி கென்னடி மாண்ட துயரச் செய்தியை, என்.பி.சி. ரேடியோ நேயர்கள் கேட்டது இவர் குரலில்தான். முன்வழுக்கை, கொஞ்சம் கசங்கிய தோற்றம், கரகரத்த குரல். சினிமா நட்சத்திரம் மாதிரி இருந்தால்தான் டெலிவிஷனில் எடுபடும் என்கிறவர்கள் இவரை ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.

1974-ல் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்பீக்கிங்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். ஆங்கிலத்துக்கு அமெரிக்காவே யமனாகிவிடுமோ என்பது அதன் உபதலைப்பு! இலக்கணத்தைப் பற்றிய புத்தகம் யாருக்கு வேண்டும் என்று நினைக்கிறீர்களா? சுடச்சுட விற்றது, சகோதரிகளே! விற்பனைப் பட்டியலில் முதலிடம். இரண்டே ஆண்டுகளில் ‘எ சிவில் டங்’ என்று அடுத்ததையும் எழுதிவிட்டார். மூச்சுக்கு மூச்சு ‘யு நோ’ என்பவர்கள், எந்தச் சொல்லுக்கும் ‘வைஸ்’ என்று வால் ஒட்டுகிறவர்கள், எளிய விஷயத்தைப் பெரிய பெரிய பதங்களால் மூடுகிறவர்கள் எல்லோருக்கும் அவரிடம் செம்மையாகக் கிடைத்தது.

இதெல்லாம் வெறும் தொணதொணப்பு என்று சிலர் நினைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். வியட்நாமில் குண்டு போட்டுவிட்டு, ‘ப்ரொடெக்டிவ் ரியாக்‌ஷன்’, அதாவது ‘தற்காப்பு எதிர்வினை’ என்று சர்க்கார் அதற்குப் பெயர் சூட்டியது. காதில் விழுந்தால் ஏதோ தடுப்பூசி மாதிரி இருக்கிறது! கீழே எரிந்த குடிசையும், குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடிய தாயும் அந்தச் சொல்லில் எங்கே இருக்கிறார்கள்? 1973-ல் வாட்டர்கேட் விசாரணையில் சாட்சி சொன்ன பெரிய மனிதர்கள், ‘அப்போது’ என்று சொல்லி முடிக்காமல், ‘காலத்தின் அந்தக் கட்டத்தில்’ என்று நீட்டி முழக்கினார்கள். சுற்றி வளைத்துப் பேசுகிறவர் எதையோ ஒளிக்கப் பார்க்கிறார் என்பது நியூமனின் சந்தேகம். தெளிவாகப் பேசும்படி ஜனங்கள் வற்புறுத்தினால், அதிகாரத்தில் இருப்பவர்கள் ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டமாகும் அல்லவா?

1976-ல் ஃபோர்டும் கார்ட்டரும் பிலடெல்பியாவில் ஒரே மேடையில் வாதம் செய்தபோது, நடுவராக இருந்தவர் நியூமன்தான். ஜனாதிபதித் தேர்தல் வேட்பாளர்கள் அப்படி நேருக்கு நேர் நின்றது 16 வருஷங்களுக்குப் பிறகு அன்றுதான். திடீரென்று ஒலி நின்றுவிட்டது! 27 நிமிஷங்கள் இரண்டு தலைவர்களும் மேடையில் ஏறக்குறைய சிலை மாதிரி நின்றார்கள். அசைந்தால் மரியாதைக் குறைவு என்று எண்ணினார்களோ என்னவோ! 1984-ல் ரீகனும் மாண்டேலும் மோதியபோதும் ஒரு வாதத்துக்கு இவரையே நடுவராக அழைத்தார்கள்.

பிறரைத் திருத்துகிறவர்களுக்குச் சாதாரணமாகத் தம்மைப் பார்த்துச் சிரிக்க வராது. இவருக்கு வந்தது. அதே 1984-ல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சியில் தோன்றினார். அதில் வாழ்க்கையே வெறுத்துப்போன ஒரு பெண் உதவி கேட்டு டெலிபோன் செய்கிறாள். மறுமுனையில் நியூமன். ஆறுதலா சொல்கிறார்? அவள் வாக்கியத்தில் இலக்கணப் பிழையைத் திருத்துகிறார்! நாடெங்கும் சிரித்தது. தம் பலவீனம் இன்னதென்று அவருக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

1944-ல் மணந்துகொண்ட மனைவியோடு 66 ஆண்டுகள் இல்லறம் நடத்தினார். கடைசிக் காலத்தில் மகளுக்கு அருகில் இருக்க வேண்டுமென்று இருவரும் இங்கிலாந்துக்கே போய்விட்டார்கள். 2010 ஆகஸ்ட் 13-ந் தேதி ஆக்ஸ்போர்டில், தமது 91-வது வயதில் நியூமன் காலமானார். ஆயுள் முழுதும் ஊருக்குச் செய்தி சொன்னவரின் மரணச் செய்தியைக் குடும்பத்தார் சில வாரங்கள் வெளியே விடவில்லை. சந்தடியில்லாமல் தாங்கள் அழுது தீர்க்க அவகாசம் வேண்டுமென்று விரும்பினார்கள்.

‘ஹோப்ஃபுலி’யின் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2012-ல் அஸோஸியேட்டட் பிரஸ் நிறுவனம், பத்திரிகைக்காரர்களுக்கான தன் நடைக் கையேட்டில், ஜனங்கள் வழங்கும் பொருளிலேயே அதை எழுதிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டது. நல்லவேளை, அதைப் பார்க்க அவர் இல்லை!