ப்ளஸ் ஒன் முடிக்கும் முன்பே கல்லூரிக் கணக்கு

திருவொற்றியூரில் ஒரு அம்மா கேட்டாங்க: "பையன் ப்ளஸ் டூ கணக்கை இப்பவே முடிச்சிட்டான். அடுத்து என்ன கொடுக்கலாம்?" கோச்சிங் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அங்கே வேகம் வரும், நிரூபணம் வராது.

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த ராமானுஜன், பள்ளி நாளில் கையில் எடுத்தது கார் எழுதிய தொகுப்பு நூல். அதில் ஆயிரக்கணக்கான தேற்றங்கள். நிரூபணம் மிகக் குறைவு. அவ்வளவு பெரிய மேதைக்கே, 1914-ல் கேம்பிரிட்ஜ் போன பிறகு ஹார்டி போன்றவர்களோடு உட்கார்ந்து அந்தக் குறையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அதனால் எந்தக் கோர்ஸாக இருந்தாலும் முதலில் வீட்டுப்பாடத்தைப் பாருங்க. 'மதிப்பைக் காண்க' மட்டும் இருந்தால் வேண்டாம். 'நிரூபி' என்று இருக்கணும்.

சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகம் பழைய நுழைவுத்தேர்வுத் தாள்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் 'பி' பகுதிக்கு முழு நிரூபணம் எழுதணும். ஒரு தாளைப் போட்டுப் பார்க்கட்டும். பிடித்திருந்தால் என்பிடெல்லில் ரியல் அனாலிசிஸ் பாடம் இருக்கு. பார்க்கக் காசு வேண்டாம்.

ஒன்று மட்டும் நீங்கதான் தேடணும்: எழுதியதைப் படித்துச் சிவப்பு மையில் திருத்தும் ஒருவர். பக்கத்துக் கல்லூரி ஆசிரியரோ, எம்.எஸ்சி. மாணவரோ, வாரம் அரைமணி நேரம் போதும். வீடியோ வீட்டுக்கே வந்துடும்; திருத்தம் வராது.