படத்தில் விரிந்த அறை



கப்பலில் அறை தேடுவோர் முதலில் படிக்கவேண்டிய நூல் எதுவென்று கேட்டால், சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1842 இல் வெளியிட்ட 'அமெரிக்கக் குறிப்புகள்' என்பேன். அவ்வாண்டு ஜனவரியில் அவர் மனைவியுடன் லிவர்பூலிலிருந்து பொஸ்டனுக்கு 'பிரிட்டானியா' என்னும் நீராவிக் கப்பலில் புறப்பட்டார். லண்டன் முகவரின் காரியாலயத்தில் தொங்கிய படத்தில் அறைகள் பூஞ்சோலைபோல் விரிந்திருந்தன. கப்பலேறிப் பார்த்தாலோ, பெட்டிகளை உள்ளே வைக்கவும் இடமில்லை. படுக்கை, எட்டாத தட்டொன்றில் விரித்த மெல்லிய மெத்தை!

அந்த ஏமாற்றத்தை அவர் நகைச்சுவையாக்கினார். நாம் அதைப் பாடமாக்கலாம்.

படத்தைப் பார்த்து அறை எடுக்கக்கூடாது. தளங்களின் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும். அறையின் அளவைவிட அது அமைந்த இடமே பெரிது. அலையில் கப்பலின் முன்னும் பின்னும் மாறிமாறி ஏறி இறங்கும்; நடுப்பகுதி குறைவாகவே அசையும். உயரம் கூடக்கூடப் பக்க ஆட்டமும் கூடும். ஆகவே, தலைசுற்றும் இயல்புடையோருக்கு நடுவில், கீழ்த்தளத்தில் உள்ள சிற்றறையே உகந்தது. அடிவானம் தெரிய ஒரு யன்னலும் இருந்தால் இன்னும் நலம். தலைக்கு மேலே நடன மண்டபமோ, காலடியில் இயந்திரமோ உண்டா என்றும் பாருங்கள். தூக்கத்தைக் கெடுப்பவை அவையே.

அட்லாண்டிக் புயலில் அலைக்கழிந்த டிக்கன்ஸ், ஜூன் மாதம் ஊர் திரும்பியது பாய்க்கப்பலில். கண்ட படத்தைவிடப் பட்ட அனுபவத்தையே அவர் நம்பினார் என்பது என் எண்ணம்.