சிறு விபத்துகளுக்குப் பின் லோரி ஓட்டுநர் வேலை



தோட்டத்து வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெரிய சான்றிதழ்கள் இல்லாமலேயே கை கொடுக்கும் தொழில்களுள் லோரி ஓட்டுவதும் ஒன்று. செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்வது முதல், கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன்களை இழுத்துச் செல்வது வரை, இந்தத் தொழிலில் பல படிகள் உண்டு. தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் இன்று அடுப்பு எரிவது லோரிச் சம்பளத்தில்தான்.

அப்படிப்பட்ட ஓட்டுநர் ஒருவருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் நான்கு சிறு விபத்துகள் நேர்ந்துவிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பின்னால் எடுக்கும்போது கேட்டுத் தூணில் ஒரு முறை இடித்தது. சாலையோரம் நின்ற காரின் கண்ணாடியை உரசியது. விளக்குச் சந்திப்பில் முன்னால் நின்ற வண்டியை இலேசாக முட்டியது. யாருக்கும் காயமில்லை. ஆயினும் வேலை போய்விடுகிறது. போகும் இடமெல்லாம், “இதுவரை எத்தனை விபத்து?” என்றே கேட்கிறார்கள். இனித் தமக்கு யார் லோரி கொடுப்பார் என்று அவர் மனம் தளர்ந்து போகிறார். இந்த நிலையில் செய்யத் தக்கது என்ன என்பதையே இன்று நாம் சிந்திக்க இருக்கிறோம்.

முதலில், பதிவு என்பது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது ஓரிடத்தில் இல்லை. மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது, சாலைப் போக்குவரத்து இலாகாவாகிய ஜே.பி.ஜே.யில் உள்ள லைசென்ஸ் பதிவு. 1997ஆம் ஆண்டு விதிகளின்படி வந்த கெஜாரா முறையில் குற்றப் புள்ளிகள் இதில் சேர்கின்றன. விபத்து நடந்தது என்பதற்காக மட்டும் புள்ளி விழுவதில்லை. சிவப்பு விளக்கை மீறுவது போன்ற, விதிகளில் குறிக்கப்பட்ட குற்றங்களுக்கே புள்ளி. தூணில் இடித்ததால் லைசென்ஸ் கெட்டுப்போயிற்று என்று பலர் வீணாக அஞ்சுகிறார்கள்.

இரண்டாவது, போலீஸ் பதிவு. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். கவனக்குறைவாக ஓட்டியதாகத் தெரிந்தால் அதற்கெனச் சம்மன் வரும். தீர்க்காத சம்மன் இருந்தால் லைசென்ஸ் புதுப்பிப்பதும் தடைபடலாம்.

மூன்றாவது, பழைய முதலாளியின் கோப்பும் அவருடைய இன்சூரன்ஸ் கணக்கும். வேலை தேடும்போது பெரும்பாலும் குறுக்கே நிற்பது இந்த மூன்றாவதுதான்.

ஏனென்று பாருங்கள். வர்த்தக வாகனம் ஒன்று இழப்பீடு கோராமல் ஆண்டுகளைக் கடந்தால், இன்சூரன்ஸ் கட்டணத்தில் 15, 20, 25 விழுக்காடு என்று படிப்படியாகக் கழிவு கிடைக்கும். ஒரு முறை இழப்பீடு கோரினால் அந்தக் கழிவு போய்விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வண்டி பட்டறையில் நிற்கும் நாள்களில் வருமானமும் இல்லை. ஆகவே நமக்குச் சிறிய கீறலாகத் தெரிவது முதலாளிக்குப் பல ஆயிரம் ரிங்கிட் செலவாக முடியலாம். அவர் அஞ்சுவது கடந்துபோன விபத்தைப் பார்த்தல்ல. அது தம்முடைய வண்டியிலும் தொடருமோ என்றுதான். அந்த ஐயத்தைத் தீர்ப்பவருக்கு வேலை கிடைக்க வழி உண்டு.

ஐயத்தைத் தீர்ப்பது எப்படி? ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு விபத்தையும் எழுதுங்கள். நாள், நேரம், இடம், பாரம், அன்று எத்தனையாவது நடை என்று குறியுங்கள். எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். பின்னால் எடுக்கும்போதே மூன்றும் நடந்திருந்தால், கெலிண்டானை இறக்கிவிட்டுப் பின்புறம் பார்க்கச் சொல்லாததே காரணமாக இருக்கலாம். எல்லாம் மாலையில் நடந்திருந்தால், நடைக்கணக்கில் சம்பளம் என்பதால் ஓய்வின்றி ஓட்டியதே காரணமாக இருக்கலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லோரி ஒரு விநாடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடந்துவிடுகிறது. கண் அசந்தால் அந்த 22 மீட்டரும் ஓட்டுநர் இல்லாத ஓட்டமே.

காரணம் தெரிந்தபின் அதைத் திருத்திக் காட்ட வேண்டும். நேர்முகத்துக்குப் போகும்போது எதையும் மறைக்காதீர்கள். பழைய முதலாளிக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போட்டால் உண்மை வெளிவந்துவிடும். விபத்துக்காக வேலை கொடுக்க மறுத்தவர் நாளை மனம் மாறலாம். பொய்க்காக மறுத்தவர் மனம் மாறமாட்டார். “ஐயா, மூன்று முறை பின்னால் எடுக்கும்போது இடித்திருக்கிறேன். யாருக்கும் காயமில்லை. இப்போது இறங்கிப் பார்க்காமல் பின்னால் எடுப்பதில்லை. வேண்டுமானால் உங்கள் வளாகத்திலேயே ஓட்டிக் காட்டுகிறேன்” என்று நாலு வாக்கியத்தில் சொல்லலாம். அழவும் வேண்டாம், மற்றவரைக் குறை கூறவும் வேண்டாம். லைசென்ஸ், சரக்கு வாகனத்துக்குரிய ஜி.டி.எல்., போலீஸ் புகார் நகல்கள், சம்மன் கட்டிய இரசீதுகள், பழைய இடத்தில் பெற்ற வேலைக் கடிதம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

எங்கே தேடுவது என்பது அடுத்த கேள்வி. எடுத்த எடுப்பிலேயே பெரிய கொள்கலன் வண்டியை நாடினால் மறுப்பே மிஞ்சும். தோட்டத்திலிருந்து ஆலைக்குக் குலை ஏற்றும் லோரி, கடைகளுக்குச் சாமான் விநியோகிக்கும் சிறிய லோரி, கிடங்கு வளாகத்துக்குள்ளேயே வண்டிகளை இடம் மாற்றும் வேலை ஆகியவற்றில் தொடங்கலாம். சில மாதம் கெலிண்டானாக இருந்து பின் ஓட்டுநராவதும் இழிவல்ல. கீறல் இல்லாமல் ஓராண்டு ஓட்டினால், அந்த முதலாளி தரும் கடிதம் பழைய கோப்பைவிடக் கனமானது. சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் சேவையில் கட்டணமின்றிப் பதிந்துகொண்டு வேலை தேடலாம்.

வேலை இழந்தவர்கள் 60 என்ற எண்ணை நினைவில் கொள்ள வேண்டும். 2018ஆம் ஆண்டு முதல் நடப்பிலுள்ள வேலை காப்புறுதித் திட்டத்தில் உதவி கேட்பவர், வேலை இழந்த 60 நாள்களுக்குள் சொக்சோவுக்கு மனுச் செய்ய வேண்டும். தாமாக வேலையை விட்டவர்களுக்கும், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர்களுக்கும் இந்த உதவி இல்லை. ஆகவே விபத்து நடந்தவுடன் கோபத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதினால், 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி தொழிலுறவு இலாகாவில் முறையிடவும் அதே 60 நாள்தான் கெடு. பழுதுச் செலவு என்று சம்பளத்தில் பிடித்தால், அந்தப் பிடித்தம் செல்லுமா என்பதைத் தொழிலாளர் இலாகாவில் கேட்டறியுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழைய பதிவு பற்றி எதுவுமே கேட்காமல், “நாளைக்கே வா” என்று அழைக்கும் இடத்தைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். சொக்சோ, ஈ.பி.எஃப். கட்டுகிறார்களா? வண்டியின் டயரும் பிரேக்கும் எப்படி? அளவுக்கு மேல் பாரம் ஏற்றச் சொல்கிறார்களா? 2025ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் தெலுக் இந்தானில் கலகத் தடுப்புப் போலீசார் சென்ற வண்டியும் சரளைக்கல் ஏற்றிய லோரியும் மோதியதில் 9 போலீசார் மாண்டனர். அதன்பின் கனரக வாகனச் சோதனைகள் கடுமையாயின. வேலை கிடைத்தால் போதும் என்று பழுதான வண்டியில் ஏறினால், சிறு விபத்துகளின் பதிவோடு முடியாமல் பெரிய விபத்தில் போய் நிற்கலாம். பணத்துக்கு லைசென்ஸ் வாங்கித் தருவதாகச் சொல்பவர்களிடமும் நெருங்காதீர்கள்.

இதில் வீட்டாருக்கும் பங்குண்டு. இரவு வண்டி ஓட்டி வந்தவர் பகலில் தூங்கும் அறையைச் சத்தமின்றி வைப்பது மனைவி மக்களின் பொறுப்பு. சாலையில் இருக்கும்போது கைப்பேசியில் அழைக்காமல், அவர் வண்டியை நிறுத்தி அழைக்கும்வரை காத்திருப்பது இன்னொரு பொறுப்பு. “எத்தனை நடை அடித்தாய்?” என்று கேட்பதற்கு முன், “தூங்கினாயா?” என்று கேட்போம். பல சிறு விபத்துகளின் வேர் தூக்கமின்மையில்தான் இருக்கிறது.

நேயர்களே, பதிவை அழிக்க நம்மால் முடியாது. ஆனால் அதற்குக் கீழே புதிய வரிகளை எழுத முடியும். விபத்தில்லாத ஒவ்வொரு மாதமும் அப்படி ஒரு வரி. அந்த வரிகள் நீள நீள, முதலாளி பார்ப்பது அவற்றையே.