செங்கண் விளைவு

செங்கண் விளைவு என்பது, ஃபிளாஷ் எனப்படும் பளிச்சொளியைக் கொண்டு மங்கிய வெளிச்சத்தில் எடுக்கப்படும் வண்ண ஒளிப்படங்களில் மனிதரின் கண்மணிகள் சிவப்பு நிறத்தில் தோன்றுவதைக் குறிக்கும். இது ஒளிப்படக்கருவியின் பழுதோ கண்ணின் நோயோ அன்று, ஒளித்தெறிப்பினால் ஏற்படுவது.

காரணம்

இருளில் கண்ணின் பாவை 8 மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். அதன் வழியே நுழையும் பளிச்சொளி, விழித்திரைக்குப் பின்னுள்ள குருதி நிறைந்த படலத்தில் பட்டுச் சிவப்பொளியாகத் திரும்புகிறது. பாவை சுருங்கத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 1/5 நொடி ஆகும். அதற்குள் பளிச்சொளி அணைந்துவிடுகிறது.

திரும்பும் ஒளி பெரும்பாலும் வந்த திசையிலேயே செல்வதால், விளக்கு வில்லைக்கு அருகில் இருந்தால் செங்கண் மிகுதியாகும். விளக்கு வில்லையிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகக் கொண்டால், 1 மீட்டர் தொலைவில் நிற்பவரின் கண்ணில் இவ்விரண்டுக்கும் இடையேயான கோணம் ஏறத்தாழ 3 பாகை. 3 மீட்டரில் 1 பாகை மட்டுமே. எனவே, மாமல்லபுரத்தில் கதிரவன் மறைந்த பின் கடற்கரைக் கோயிலைப் பின்னணியாகக் கொண்டு, சற்றுத் தள்ளி நின்று எடுக்கும் படங்களில் இவ்விளைவு எளிதில் தோன்றும்.

குறைக்கும் முறைகள்

* முன்னொளி: படம் எடுக்கும் முன் சிற்றொளியை வீசிப் பாவையைச் சுருங்கச் செய்தல்.
* விளக்கை வில்லையிலிருந்து விலக்கி வைத்தல், அல்லது ஒளியைக் கூரையிலோ சுவரிலோ தெறிக்கச் செய்தல். திறந்தவெளியில் தெறிப்பு முறை பயன்படாது.
* ஒளியுணர்திறனைக் கூட்டி, பளிச்சொளி இன்றியே எடுத்தல்.
* சுற்றுப்புற வெளிச்சத்தை மிகுத்தல். கருவியை நேராகப் பார்க்காதிருத்தல்.
* எடுத்த படத்தை மென்பொருளால் திருத்துதல்.

விலங்குகளின் கண்ணொளி

முதலை, பூனை, மாடு முதலியவற்றின் கண்கள் இருளில் ஒளிர்வதற்குக் காரணம் வேறு. அவற்றின் கண்ணில், ஒளியைத் திருப்பி அனுப்பும் டேப்பெட்டம் லூசிடம் என்னும் படலம் உண்டு. மனிதருக்கு இது இல்லை. மாமல்லபுரத்துக்கு வடக்கே, வடநெம்மேலியில் 1976இல் உரோமுலசு விட்டேக்கர் முதலியோரால் நிறுவப்பட்ட சென்னை முதலைப் பண்ணையில் வளர்க்கப்படும் முதலைகளுக்கும் இப்படலம் உண்டு. இயற்கை வாழிடங்களில் முதலைகளைக் கணக்கெடுப்போர், இரவில் கைவிளக்கை வீசி, ஒளிரும் கண்களை எண்ணுவர். விளக்கைத் தம் கண்மட்டத்தில் பிடித்தால்தான் அவ்வொளி நன்கு தெரியும். பளிச்சொளியும் வில்லையும் நெருங்கியிருக்கும்போது செங்கண் தோன்றுவதும் இதே காரணத்தால்தான்.

மருத்துவ முக்கியத்துவம்

இரு கண்களும் ஒரே அளவில் சிவந்து தோன்றுவது இயல்பு. குழந்தையின் ஒரு கண் சிவப்பாகவும் மற்றொன்று வெண்மையாகவும் தோன்றினால், அது விழித்திரைப் புற்றுநோய், பிறவிக் கண்புரை போன்றவற்றின் அறிகுறியாக இருக்கலாம். விழித்திரைப் புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தாக்குகிறது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் உயிரையும், பல வேளைகளில் பார்வையையும் காப்பாற்ற இயலும். பார்க்கும் கோணத்தைப் பொறுத்து, நலமான கண்ணிலும் பார்வை நரம்பின் முனை ஒளியைத் தெறித்து வெண்மையாகத் தோன்றுவதுண்டு. எனினும், வெண்மை தென்பட்டால் தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

இக்காலக் கைபேசிகளும் மென்பொருள்களும் கண்ணின் நிறத்தைத் தாமாகவே திருத்தக்கூடும். அப்போது இவ்வறிகுறியும் மறைந்துவிட வாய்ப்புண்டு. ஆகவே, குழந்தைகளின் படங்களைத் திருத்தும் முன் மூலப்படத்தைப் பார்த்து, அதனைச் சேமித்து வைத்தல் நன்று.